பஞ்சும் பசியும் எழுதிய ரகுநாதன்
(தென்காசியில் நெசவாளிகள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாவலாசிரியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று இந்த ஊர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதைக் கேட்டதும் உங்களில் சிலர் மனத்துக்குள் சிரித்திருப்பீர்கள். கூலியைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முயல்வோம்.

நூலிலிருந்தே தொடங்குவோம். எழுதுகிற நூல் அல்ல, தறியில் ஓடுகிற நூல். இங்கிருந்து கடையம் வழியாகத் தெற்கே போனால் அம்பாசமுத்திரம்; அதைத் தாண்டினால் விக்கிரமசிங்கபுரம். அங்கே பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற வேகத்தைக் கண்டு, அந்த வேகத்தால் இயந்திரத்தைச் சுழற்றலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஹார்வி சகோதரர்கள். 1880களில் அங்கே பஞ்சாலை எழுந்தது. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், 1892இல் மதுரையில் பெரிய மில். இந்த ஹார்விகள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பின்னாளில், 1974இல், மதுரா மில்லோடு சேர்ந்துகொண்ட கோட்ஸ் கம்பெனியும் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற நூற்பு ஊரில் பிறந்ததுதான். தையல் நூல் கண்டு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது.

அந்தக் கோரல் மில்லில்தான் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நிற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். சில நாட்களில் வ.உ.சி. கைதானார். அது நமக்குத் தெரிந்த கதை.

ஆனால் ஸ்காட்லாந்திலிருந்து முதலாளிகள் மட்டும் வரவில்லை. அங்கே உழவன் வீட்டில் பிறந்த எழுத்தாளர்களும் உண்டு. ஒருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் ஊர்க்காரருக்கு வருவோம். ஜேம்ஸ் லெஸ்லி மிட்செல் என்பது அவர் பெயர். லூயிஸ் கிராஸிக் கிப்பன் என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். 1901இல் பிறந்தார். சிறு குத்தகை நிலத்தில் கல்லையும் களிமண்ணையும் கிளறிப் பிழைத்த குடும்பம். பதினாறு வயதில் அபர்டீன் நகரத்துப் பத்திரிகையில் நிருபரானார். ரஷ்யப் புரட்சியின் செய்தி அப்போதுதான் வந்திருக்கிறது. அந்த ஊரில் 'சோவியத்' ஒன்று அமைக்கக் கூட்டம் போட்டார்கள். செய்தி எழுதப் போன பையன், தான் செய்தி எழுத வந்தவன் என்பதையே மறந்து, அதன் கமிட்டியில் ஓர் உறுப்பினனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டான்! பிற்பாடு வேலை போய், வயிற்றுப் பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1932 முதல் 1934 வரை வருஷத்துக்கு ஒன்றாக மூன்று நாவல்கள் எழுதினார். கிரிஸ் என்ற உழவர் வீட்டுப் பெண்ணின் கதை அது. முதல் நாவலில் நிலமும் முதல் மகாயுத்தமும். மூன்றாவதில் அவளுடைய மகன் தொழிற்சாலைக்குப் போய், வேலைநிறுத்தத்தில் அடிபட்டு, கடைசியில் பட்டினி ஊர்வலத்தோடு லண்டனுக்குப் புறப்படுகிறான். அதை முடித்த சில மாதங்களில், 1935 பிப்ரவரியில், முப்பத்து நான்கு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது கிப்பன் இறந்துபோனார்.

நிலத்தில் தொடங்கி ஆலை வாசலில் முடிகிற அந்தக் கதையைக் கேட்கும்போது, இதேபோல் நம் பக்கத்திலும் ஒருவர் எழுதினாரே என்ற நினைவு வருகிறது. அவர்தான் தொ.மு. சிதம்பர ரகுநாதன்.

ரகுநாதன் 1923 அக்டோபர் 20ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். படித்த குடும்பம். அவருடைய அண்ணன் பாஸ்கரத் தொண்டைமான் அரசாங்க உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்து கலெக்டர் வரைக்கும் போனவர். கோயில் கோயிலாகச் சுற்றிச் சிற்பங்களைப் பற்றி எழுதியவர். அண்ணனுக்குக் குரு, நம் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அந்நாளில் ஐந்தருவிப் பக்கம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு ரசிகமணி வீட்டில் கம்பராமாயணம் கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். கவிதையை ருசிப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்த வீடு அது. 1954இல் டி.கே.சி. காலமானார்.

தம்பியின் பாதையோ வேறாயிற்று. பாட்டை ருசிக்கிற இன்பத்தை அவர் வெறுக்கவில்லை. 'திருச்சிற்றம்பலக் கவிராயர்' என்ற பெயரில் அவரே கவிதைகள் எழுதினார். ஆனால் இந்தப் பாட்டு யாருடைய காலத்தில், யாருடைய உழைப்பின் மேல் நின்றுகொண்டு பாடப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார். ரசனை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. நம்முடைய அபிப்பிராயத்தில் இரண்டும் வேண்டும். ருசியே தெரியாதவன் கேட்கிற கேள்வியும் வெறும் உமிதான்.

கல்லூரிப் பருவத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பேராசிரியர் அ. சீனிவாசராகவன். 1941இல், பதினெட்டு வயதில், 'பிரசண்ட விகடன்' பத்திரிகையில் ரகுநாதனின் முதல் சிறுகதை வெளிவந்தது. மறு வருஷம் ஆகஸ்ட் போராட்டம். ரகுநாதன் சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் 1944இல் 'தினமணி'யில் உதவியாசிரியர் வேலை. 1945இல் 'புயல்' என்ற முதல் நாவல். 1946இல் 'முல்லை' இலக்கியப் பத்திரிகைக்கு ஆசிரியர். பிறகு 'சக்தி' பத்திரிகையில், இடைசெவல் கு. அழகிரிசாமியோடு கூட வேலை. 1948இல் 'இலக்கிய விமர்சனம்' என்ற நூல். இருபத்தைந்து வயதுக்குள் இத்தனையும்.

அந்த 1948இல்தான் புதுமைப்பித்தன் இறந்தார். அவரும் திருநெல்வேலிக்காரர், ரகுநாதனுக்கு நெருங்கிய நண்பர். காச நோயில் உருகி, கையில் காசில்லாமல், நாற்பத்திரண்டு வயதில் செத்துப்போன மேதை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை ரகுநாதன் எழுதினார். இறந்தவரைப் பூஜை அறைப் படமாக்கி மாலை போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? ரகுநாதன் அதைச் செய்யவில்லை. நண்பரின் கோபம், கேலி, வறுமை, பலவீனம் எல்லாவற்றோடும் அவரை நிறுத்திக் காட்டினார். தமிழில் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாறுகளில் அதற்குத் தனி இடம் உண்டு.

இனி 'பஞ்சும் பசியும்' நாவலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும்.

1950ஐ ஒட்டிய வருஷங்களை இங்குள்ள பெரியவர்கள் தங்கள் தகப்பனார் வாயால் கேட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, தேசம் இரண்டாகி, பருத்தி விளைகிற நல்ல நிலத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1950இல் கொரியாவில் யுத்தம் மூண்டதும் உலகச் சந்தையில் பஞ்சு விலை கிறுகிறுவென்று ஏறியது. கொரியா எங்கே, கடையநல்லூர் எங்கே? ஆனால் அங்கே வெடித்த குண்டு இங்கே பாவு நூலை அறுத்தது. விலை ஏறியபோது நூல் கிடைக்கவில்லை. கிடைத்ததும் கள்ள விலை. பிறகு விலை இறங்கியதே, அப்போதாவது நெசவாளி பிழைத்தானா? அதுவும் இல்லை. உச்ச விலையில் நூல் வாங்கி நெய்து வைத்த துணி மூட்டை மூட்டையாகத் தேங்கி நின்றது. மில் வேட்டியும் மில் புடவையும் அதைவிட மலிவாகக் கடையில் தொங்கின. 1952இல் இந்த மாகாணத்துத் தறிக்காரர்கள் குடும்பத்தோடு வீதியில் கையேந்தி நின்றார்கள். முதல் மந்திரி ராஜாஜியே வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கென்று ஒதுக்குங்கள் என்று மத்திய சர்க்காரை வற்புறுத்தும் நிலை வந்தது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952இல் ஏற்பட்டதும், 1953இல் மில் துணியின் மேல் தனி வரி போட்டுக் கைத்தறிக்குச் செலவிடச் சட்டம் வந்ததும் இந்தக் கூக்குரலின் விளைவுதான்.

இந்தப் பஞ்சத்தை, இது நடந்த கையோடு, சூடு ஆறுமுன்பே நாவலாக எழுதினார் ரகுநாதன். கதை நடக்கிற ஊர் அம்பாசமுத்திரம். எண்ணிப் பாருங்கள்: கூப்பிடு தூரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், ஆலை இரவும் பகலும் நூலை நூற்றுத் தள்ளுகிறது, இங்கே நெசவாளர் தெருவில் நூலில்லாமல் தறிக்குழியில் சிலந்தி வலை கட்டுகிறது. இந்த ஊரைக் கதைக்குக் களமாகத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி விஷயம் அடங்கிவிட்டது.

கதையில் கைலாச முதலியார் என்று ஒருவர் வருகிறார். அவர் பரம ஏழை அல்ல. ஊரில் மதிப்போடு வாழ்ந்த ஜவுளிக்காரர். கோயில் காரியத்திலும் முன்னால் நிற்கிறவர். சந்தை கவிழ்ந்ததும் கடன் கழுத்தை இறுக்குகிறது. அவரைவிடப் பெரிய முதலையான தாதுலிங்க முதலியார் தயவு காட்டுகிறவர் அல்ல. மானம் போய்விட்டதென்று கைலாச முதலியார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். அவர் மகன் மணி படித்த பையன். ஊரைவிட்டுப் புறப்பட்டு மதுரைக்குப் போகிறான். அங்கே தொழிலாளிகளோடு சேர்ந்து, தகப்பனைக் கொன்றது விதியல்ல என்று தெரிந்துகொள்கிறான். தாதுலிங்க முதலியாரின் மகள் கமலாவுக்கு மணியின் மேல் அன்பு. மகன் சங்கரோ தகப்பனாரை எதிர்த்து நெசவாளிகளின் பக்கம் நிற்கிறான்.

தோழர்களே, கைலாச முதலியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கடன்பட்டவன் வெட்கப்படுகிறான். கடன் கொடுத்தவன் வெட்கப்படுவதில்லை. வாசலில் வந்து நின்று நாலுபேர் காதில் விழும்படி கேட்டுவிட்டானே என்று, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து அழுகிறவர்கள் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். குழுக்கடன் தவணைக்கு வாரம் தவறாமல் ஆள் வருகிறது; தவணை தப்பினால் பக்கத்து வீட்டுக்காரியே முகம் சுளிக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் தன் சாமர்த்தியக் குறைவுதான் காரணம் என்று நினைக்கிறாள். கைலாச முதலியாரும் அப்படித்தான் நினைத்தார். அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு தப்பும் இல்லை. தப்பு கொரியாவிலும் பம்பாய்ப் பருத்திச் சந்தையிலும் டில்லியிலும் இருந்தது. இதை ஒரு துண்டுப் பிரசுரத்திலும் அச்சடித்து விடலாம். ஆனால் துண்டுப் பிரசுரத்தில் கைலாச முதலியாரின் முகம் தெரியாது. நாவலில் தெரிகிறது. கதை எழுதுகிறவனுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று கேட்டோமே, அவனுடைய வேலை இதுதான்.

இதைச் சொல்வதால் அந்த நாவலில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பின்பகுதியில் பாத்திரங்கள் சில இடங்களில் மனிதர்களாகப் பேசாமல் மேடைப் பேச்சாளர்களாகப் பேசுகிறார்கள். மணிக்கு வருகிற தெளிவு, நம் சங்கங்களில் ஒரு தோழருக்கு வருவதைவிட வேகமாக வந்துவிடுகிறது. தறியில் பாதி வேலை பெண்கள் கையில். நூல் சுற்றுவதும் தார் போடுவதும் பாவுக்குக் கஞ்சி போடுவதும் அவர்கள்தான். அந்தப் பெண்களின் வாயால் கதையை இன்னும் அதிகமாகக் கேட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனாலும், ராஜாக்களும் இளவரசிகளும் குதிரையில் போய்க்கொண்டிருந்த தொடர்கதைகளின் காலத்தில், தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நாவல் உட்கார்ந்ததே, அது சாதாரணக் காரியமா? தமிழில் சோஷலிஸ எதார்த்தவாத நாவல் என்றால் முதலில் இதன் பெயரைத்தான் சொல்கிறார்கள். செக் மொழியில் பெயர்க்கப்பட்டு அந்தச் சிறிய தேசத்தில் 50,000 பிரதிகள் விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இங்கே தமிழ்நாட்டில் அதே ஆசிரியர் எப்படி வாழ்ந்தார்? குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் மானியமாகக் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். ராஜாவுக்குப் பிடித்தால் நிலம் கிடைக்கும். நெசவாளியின் பசியைப் பாடினால் யார் மானியம் கொடுப்பார்? ரகுநாதனுக்கு நிரந்தர உத்தியோகம் இல்லாத வருஷங்கள் பல. அந்த வருஷங்களில்தான், 1954 முதல் 1956 வரை, திருநெல்வேலியிலிருந்து 'சாந்தி' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். கையில் காசில்லாதவன் பத்திரிகை நடத்தினால் என்ன ஆகும்? நின்றுபோகும். நின்றும்போயிற்று. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அதில் எழுதியவர்களின் பட்டியலைக் கேளுங்கள்: ஜெயகாந்தன், சுந்தர ராமசாமி, கி. ராஜநாராயணன், டி. செல்வராஜ். அப்போது இவர்களை ஊர் அறியாது.

செல்வராஜைப் பற்றி விவசாயத் தொழிலாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தென்கலம் ஊர்க்காரர். அறுபதுகளில் அவர் எழுதிய 'மலரும் சருகும்' நாவல் தாமிரபரணிப் பாசனத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் உழுதவர்களைப் பற்றியது. களத்து மேட்டில் மரக்காலில் நடக்கிற மோசடி எப்படிப்பட்டது என்று கார் அறுப்பும் பிசான அறுப்பும் பார்த்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நாவலுக்குள் கொண்டுவந்தவர் அவர். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய 'தோல்' நாவலுக்காக 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார், 2019இல் மறைந்தார். ரகுநாதன் விதைத்ததில் முளைத்தது இது.

பிறகு ரகுநாதன் சோவியத் செய்தித் துறையின் தமிழ்ப் பத்திரிகைப் பணியில் சேர்ந்து, 1980களின் பிற்பகுதி வரை அங்கே இருந்தார். மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்தவர் அவர்தான். ரஷ்யத் தொழிலாளியின் விதவைத் தாய் திருநெல்வேலிச் சீமைத் தாய்போலத் தமிழ் பேசினாள். லெனினைப் பற்றி மாயகோவ்ஸ்கி பாடிய நெடுங்கவிதையையும் தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு வேலை அவருடைய சொந்த நாவல்களைத் தின்றுவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வாஸ்தவந்தான், 'பஞ்சும் பசியும்' போல இன்னொன்று அவர் தரவில்லை. ஆனால் 'தாய்' படித்துச் சங்கத்துக்கு வந்தவர்களை எண்ணினால் அதை நஷ்டக் கணக்கில் எழுத நமக்கு மனம் வரவில்லை.

ஆராய்ச்சியிலும் அவர் சளைக்கவில்லை. பாரதியிடம் அவருக்குத் தீராத பற்று. பாரதி 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுபட்டு வந்து, 1920 வரை குடியிருந்தது இதோ பக்கத்தில் கடையத்தில்தான்; செல்லம்மாளின் ஊர். அந்தப் பாரதியின் சொற்களை அவர் வாழ்ந்த காலத்துச் சம்பவங்களோடு பொருத்திப் பார்த்து ரகுநாதன் எழுதிய 'பாரதி: காலமும் கருத்தும்' நூலுக்கு 1983இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டு 'இளங்கோவடிகள் யார்?' என்று ஒரு பெரிய நூல் எழுதி, புலவர்களின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். சண்டை என்றால் பின்வாங்குகிறவர் அல்ல. எழுபத்தைந்து வயதைத் தாண்டியபின், 1999இல், புதுமைப்பித்தன் கதைகளைத் தழுவல் என்றும் திருட்டு என்றும் சொன்னவர்களுக்குப் பதிலாகப் புத்தகமே எழுதினார். நண்பர் இறந்து ஐம்பது வருஷம் கழித்தும் நண்பருக்காக வாதாட ஓர் ஆள் இருந்தார்! 2001 டிசம்பர் 31ஆம் தேதி ரகுநாதன் மறைந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை எட்டயபுரத்துக்கு, பாரதி பிறந்த மண்ணுக்கு, கொடுத்துவிட்டார்.

நாவலில் வந்த தறிக்காரர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? 1985இல் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். வழக்குகளுக்குப் பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பு, தேசம் முழுவதும் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் சுமார் 35 லட்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அந்தக் கணக்கின் மை உலர்வதற்குள், 2020 ஜூலையில், 1952இல் பிறந்த கைத்தறி வாரியத்தின் பரம்பரையில் வந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் விசைத்தறிக்காரரைக் கேட்டாலும் முதலில் சொல்கிற புகார் நூல் விலைதான்.

'பஞ்சும் பசியும்' கடையில் கிடைக்கிற புத்தகம். சங்கத்துக்கு ஒரு பிரதி வாங்கிப் போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி ராத்திரி ஒரு மணி நேரம் உரக்கப் படிக்கட்டும். தறி வேலை தெரிந்தவர்கள் கூட இருந்து, ஆசிரியர் எங்கே சரியாகச் சொன்னார், எங்கே தவறினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம்; அப்போது நாம் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.